இரட்டைக் குழாய் சுவாசமானிப் பெட்டி: கண்ணாடி நல்லது, கையேடு மோசம்

செல் சுவாசத்தைச் செய்துகாட்ட, பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கென்று விற்கப்படும் பெட்டிகள் பல பெயர்களில் வருகின்றன. மூடியைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே சரக்குதான். 50 மி.லி. கொள்ளும் இரண்டு பெரிய சோதனைக் குழாய்கள், இரட்டைத் துளை போட்ட ரப்பர் கார்க்குகள், சாயநீர் ஊற்றும் யு-குழாய், அதன் பின்னால் மி.மீ. கோடிட்ட அட்டை, 1 மி.லி. சிரிஞ்ச், இரண்டு மூவழி வால்வுகள், கம்பி வலைக் கூடைகள், ஒரு டப்பா சோடா லைம், ஒரு பை கண்ணாடி மணிகள். கூடவே ஈஸ்ட் சோதனைக்கு வளைந்த நொதித்தல் குழாய் ஒன்று, சிறு புட்டியில் மெத்திலீன் நீலம், சுவரில் மாட்ட ஒரு வண்ணப் படம், மெலிசான ஒரு கையேடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கண்ணாடிச் சாமானுக்காக வாங்கலாம். கையேட்டை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது. ஆக்சிஜனை அளக்கும் கருவி என்று பெட்டி மேல் அச்சிட்டிருந்தாலும், கவனம் கொஞ்சம் தப்பினால் இது வெப்பநிலையைத்தான் அளக்கும். "வேலை செய்யவில்லை" என்று இதை அலமாரியில் ஏற்றி வைப்பவர்கள் பலரும் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

எதை அளக்கிறது?

முளைக்கும் விதை ஆக்சிஜனை எடுத்து கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. மாவுச்சத்தைப் பயன்படுத்தும்போது எடுப்பதும் விடுவதும் சம கன அளவு. அதனால் மூடிய குழாயில் விதையை மட்டும் போட்டால் உள்ளிருக்கும் வாயுவின் மொத்த அளவு மாறாது, சாயநீரும் அசையாது. சோடா லைம் சேர்ந்தால்தான் கருவி பேச ஆரம்பிக்கும். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அது உறிஞ்சிவிடுவதால், குறைந்துபோன ஆக்சிஜன் அழுத்தக் குறைவாகத் தெரிகிறது. விதை இருக்கும் பக்கம் சாயநீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். விதைக் குழாயோடு இணைந்த சிரிஞ்சை மெல்ல அழுத்தி இரண்டு மட்டங்களையும் சமமாக்கினால், உள்ளே தள்ளிய காற்றின் அளவே அந்த நேரத்தில் விதைகள் எடுத்த ஆக்சிஜனின் அளவு.

ஒற்றை நுண்குழாய் கொண்ட எளிய மாடல்களைவிட இது மேல் என்பதற்கு இந்த சிரிஞ்சுதான் முதல் காரணம். அந்த மாடல்களில் சாயத்துளி நகர்ந்த தூரத்தைக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்க வேண்டும். 1 மி.மீ. உள்விட்டம் என்று எழுதியிருக்கும் குழாய் உண்மையில் 1.1 மி.மீ. இருந்தால், விட்டத்தின் இருமடி கணக்கில் வருவதால், விடை 21 சதவீதம் பிசகும். சிரிஞ்சில் அந்த வம்பு இல்லை. 0.01 மி.லி. கோடுவரை நேராகப் படித்துவிடலாம்.

இந்த ஆக்சிஜன் செல்லுக்குள் எங்கே போகிறது என்பதைக் கையேடு "ஆக்சிஜன் சர்க்கரையை எரிக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. உண்மையில் ஆக்சிஜன் சர்க்கரையைத் தொடுவதே இல்லை. சர்க்கரை படிப்படியாக உடையும் கிளைக்கோலைசிஸ், பைருவேட் ஆக்சிஜனேற்றம், கிரெப்ஸ் சுழற்சி ஆகிய கட்டங்களில் ஒரு குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்கள் சோடி சோடியாகக் கழற்றப்பட்டு 10 என்ஏடிஹெச், 2 எஃப்ஏடிஹெச்2 மூலக்கூறுகளில் ஏற்றப்படுகின்றன. மொத்தம் 12 சோடி. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்விலுள்ள எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி வழியாக இறங்கிவரும் ஒவ்வொரு சோடியையும் கடைசியில் ஓர் ஆக்சிஜன் அணு, அதாவது அரை மூலக்கூறு, வாங்கிக்கொண்டு நீராகிறது. 12 சோடிக்கு 6 மூலக்கூறு. பாடப்புத்தகச் சமன்பாட்டில் இடப்பக்கம் நிற்கும் அந்த 6 இங்கிருந்துதான் வருகிறது. கார்பன் டை ஆக்சைடு பிறக்கும் இடம் வேறு: பைருவேட்டும் கிரெப்ஸ் சுழற்சியின் அமிலங்களும் கார்பனை உதிர்க்கும் இடம்.

ஆக, யு-குழாயில் ஏறும் சாயம் காட்டுவது சங்கிலியின் கடைசிக் கண்ணியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸின் வேலையை. விதைகளில் இன்னொரு சின்னச் சிக்கல் உண்டு. தாவர மைட்டோகாண்ட்ரியாவில் மாற்று ஆக்சிடேஸ் என்ற பக்கவழி இருக்கிறது. அதன் வழியே போகும் எலக்ட்ரான்களும் ஆக்சிஜனைச் செலவழிக்கும், ஆனால் பெரும்பகுதி ஆற்றல், செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஆகாமல், வெப்பமாகப் போய்விடும். சிரிஞ்ச் காட்டும் எண்ணை அப்படியே ஏடிபி கணக்காக மாற்றும்போது, அது உச்சவரம்பு மதிப்பீடு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தயார் செய்வது

பட்டாணியை 24 மணி நேரம் ஊறவைத்து, ஈரத் துணியில் ஒரு நாள் வைத்தால் முளை எட்டிப்பார்க்கும். அந்தக் கட்டத்தில் 25 விதை எடுங்கள். மேற்பரப்பு நீரைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் சொட்டச் சொட்டப் போட்டால் கார்பன் டை ஆக்சைடு அந்த நீரில் கரையும், சோடா லைமும் கட்டிபிடிக்கும். முளை பச்சையாக மாறியிருந்தால் குழாயைக் கறுப்புத் தாளிலோ அலுமினியத் தாளிலோ சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒளிச்சேர்க்கை ஒரு கையால் ஆக்சிஜனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது குழாயைக் கையேடு "ஒப்பீட்டுக் குழாய்" என்று ஒரு சொல்லில் தாண்டிவிடுகிறது. கருவியின் உயிர்நாடியே அதுதான். அதில் கண்ணாடி மணிகள் போடும்போது எண்ணிக்கையை ஒப்பிடக் கூடாது, கன அளவை ஒப்பிட வேண்டும். 100 மி.லி. அளவு ஜாடியில் 50 மி.லி. நீர் ஊற்றி, 25 விதைகளை விட்டு நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 11 மி.லி. ஏறினால், மணிகளும் 11 மி.லி. ஏற்றும் அளவுக்கு இருக்க வேண்டும். சோடா லைமும் இரண்டு குழாயிலும் சம எடை. இப்படிச் செய்தால் இரண்டிலும் வாயு இடம் சமமாக, 40 மி.லி. அருகில் நிற்கும். வெளிக்காற்றின் அழுத்தம் மாறினாலும், தொட்டி நீர் லேசாகச் சூடானாலும் குளிர்ந்தாலும், இரண்டு பக்கமும் ஒன்றாக ஆடி ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும்.

அடியில் சோடா லைம், மேலே பஞ்சு, அதற்கு மேல் கம்பிக் கூடையில் விதை என்பது வரிசை. சோடா லைம் விதையைத் தொட்டால் அந்த விதை செத்துப்போகும். சோடா லைமுக்குப் பதில் 15 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நனைத்த வடிதாளும் நன்றாக உறிஞ்சும், ஆனால் அது தோலையும் கண்ணையும் அரிக்கும் காரம். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் இல்லாமல் கையாளக் கூடாது. மாணவர்கள் கையில் கொடுப்பதானால் துகள் சோடா லைமே போதும். அதையும் வெறுங்கையால் எடுக்க விடாதீர்கள்.

சோடா லைமைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி பெட்டியில் எங்கும் இல்லை. அது வேலை செய்ய அதற்குள் கொஞ்சம் ஈரம் வேண்டும். மூடி சரியாக மூடாத டப்பாவில் மாதக்கணக்கில் கிடந்து எலும்பாகக் காய்ந்த துகள்கள் கார்பன் டை ஆக்சைடை மந்தமாகவே உறிஞ்சும். அப்போது வெளிவந்த வாயு ஆக்சிஜனின் இடத்தை நிரப்பிக்கொள்ளும், சாயம் பாதி தூரமே ஏறும், "இந்த விதை சரியாகச் சுவாசிக்கவில்லை" என்று பழி விதையின் மேல் விழும். சோதிக்க எளிய வழி: ஒரு குழாயில் துகள்களை நிரப்பி, அதன் வழியாக மூச்சுக்காற்றை ஊதல் பந்தால் மெதுவாகச் செலுத்தி, வெளிவரும் காற்றைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் விடுங்கள். நீர் பால்போல மாறினால் துகள்களை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

யு-குழாயில் ஊற்ற, சாயம் கலந்த நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் போதும். சோப்பு இல்லாவிட்டால் நீர் கண்ணாடியில் ஒட்டி விட்டுவிட்டு நகரும். குழாயின் பாதி உயரத்துக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

1 டிகிரி என்ன செய்யும்?

அறை வெப்பநிலையில் ஒரு வாயு 1 °செ. சூடானால் அதன் அழுத்தம் ஏறக்குறைய 0.34 சதவீதம் கூடும். வளிமண்டல அழுத்தம் 10.3 மீட்டர் நீர்த்தூணுக்குச் சமம். எனவே ஒரு குழாய் மட்டும் 1 டிகிரி சூடானால் யு-குழாயில் ஏறக்குறைய 35 மி.மீ. மட்ட வேறுபாடு வரும். இப்போது விதைகளின் பக்கம் பாருங்கள். 25 பட்டாணி 10 நிமிடத்தில் 0.24 மி.லி. ஆக்சிஜன் எடுக்கிறது என்று கொள்வோம். 40 மி.லி. வாயுவில் அது 0.6 சதவீதம், அதாவது 62 மி.மீ. வேறுபாடு. ஆக ஒரு டிகிரிப் பிசகு, ஐந்தாறு நிமிடச் சுவாசத்தை அப்படியே விழுங்கிவிடும். குழாயைக் கையில் பிடித்து "சாயம் ஏறுகிறதா" என்று பார்ப்பவர் உள்ளங்கை வெப்பத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் இரண்டு குழாய்களும் ஒரே நீர்த்தொட்டியில், கார்க் வரை நீரில் மூழ்கி நிற்க வேண்டும். பெட்டியோடு தொட்டி வருவதில்லை. குறைந்தது 2 லிட்டர் பீக்கர் எடுத்துக்கொள்ளுங்கள், நீர் அதிகமானால் வெப்பம் நிதானமாக மாறும். மூவழி வால்வுகளை வெளிக்காற்றுக்குத் திறந்து வைத்த நிலையில் 10 நிமிடம் விட வேண்டும். இந்த இடத்தில்தான் கையேடு பெரிய தவறு செய்கிறது. வால்வை மூடிவிட்டுக் குழாய்களைத் தொட்டியில் இறக்கச் சொல்கிறது. அப்படிச் செய்தால் உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து, சாயத்தைத் தப்பான பக்கம் தள்ளும். சில சமயம் குழாய்க்கு வெளியே கொட்டியும்விடும்.

10 நிமிடம் ஆனதும் சிரிஞ்சை 1 மி.லி. கோட்டில் வைத்து, வால்வுகளை மூடி, கடிகாரத்தைத் தொடங்குங்கள். 10 நிமிடம் கழித்து மட்டங்களைச் சமமாக்கிப் படித்துக்கொண்டு, வால்வைத் திறந்து, சிரிஞ்சை மறுபடி இழுத்து, அடுத்த அளவீடு. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். முதல் அளவீடு மற்ற இரண்டிலிருந்து விலகி நின்றால் குழாய் இன்னும் தொட்டியின் வெப்பநிலைக்கு வரவில்லை என்று பொருள், அதைத் தள்ளிவிடலாம். மூடிய நிலையில் மறந்துபோய் அரைமணி விட்டுவிட்டால் மட்ட வேறுபாடு 18 செ.மீ. தாண்டும். 20 செ.மீ. குழாயில் சாயம் வளைவைத் தாண்டி விதைக் கூடைக்குள் போய்விடும். அதன் பிறகு கழுவும் வேலைதான்.

வெப்பநிலையை மாற்றிப் பார்ப்பதுதான் இந்தப் பெட்டியால் செய்யக்கூடிய மிக நல்ல சோதனை. 10, 20, 30, 40 °செ. என நான்கு தொட்டி. கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். மேலே போகப் போக அந்த ஏற்றம் தளரும். 50-க்கு மேல் கொண்டுபோனால் நொதிகளின் வடிவமே குலைந்து வேகம் விழும், மறுபடி குளிரவைத்தாலும் முழுதாகத் திரும்பாது. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் அந்தப் 10 நிமிடக் காத்திருப்பைச் சுருக்கக் கூடாது.

கசிவு

ஓட்டுவதற்கு முன் கசிவுச் சோதனை கட்டாயம். விதை போடாமல் எல்லாவற்றையும் பூட்டி, சிரிஞ்சால் 0.2 மி.லி. காற்றைத் தள்ளினால் சாயம் 5 செ.மீ. வாக்கில் விலகி நிற்கும். 5 நிமிடம் அப்படியே நின்றால் சரி. மெல்ல இறங்கினால் முதல் சந்தேகம் மூவழி வால்வின் மேல், அடுத்தது கார்க்கில் கண்ணாடிக் குழாய் நுழையும் துளை. துளையைச் சுற்றி வாஸலின் தடவினால் பெரும்பாலும் அடங்கும். பிளாஸ்டிக் வால்வில் கசிவு இருந்தால் மாற்றுவதே வழி, கிரீஸ் தடவிப் பயனில்லை.

சில பெட்டிகளில் இணைப்புக் குழாய்கள் சிலிக்கானில் வருகின்றன. பார்க்க வழுவழுப்பாக, வளைக்க வசதியாக இருக்கும். ஆனால் சிலிக்கான் ரப்பர் ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் தாராளமாக ஊடுருவ விடும் பொருள். 10 நிமிட அளவீட்டில் அது பெரிதாகத் தெரியாது. மணிக்கணக்கில் ஓட்டும்போது தெரியும். கெட்டியான பிவிசி குழாயைக் கேட்டு வாங்குங்கள், துண்டையும் முடிந்தவரை குட்டையாக வெட்டுங்கள்.

எண்ணை என்ன செய்வது?

20 °செ. வெப்பநிலையில் ஒரு மோல் வாயு ஏறக்குறைய 24 லிட்டர். ஆகவே 0.24 மி.லி. ஆக்சிஜன் 10 மைக்ரோமோல். 6-ஆல் வகுத்தால் 1.67 மைக்ரோமோல் குளுக்கோஸ், எடையில் 0.3 மி.கி. குளுக்கோஸ் முழுதாக ஆக்சிஜனேற்றமடையும்போது மோலுக்கு ஏறக்குறைய 2,870 கிலோஜூல் விடுபடும். அந்தக் கணக்கில் 25 பட்டாணி 10 நிமிடத்தில் 4.8 ஜூல் ஆற்றலை அவிழ்த்திருக்கிறது. குளுக்கோஸுக்கு 30 ஏடிபி என்று வைத்தால் 50 மைக்ரோமோல் ஏடிபி. கையேட்டில் இந்தக் கணக்கு ஒரு பக்கம் வந்திருந்தால் பெட்டியின் மதிப்பே கூடியிருக்கும்.

சுவர்ப் படத்தில் இன்னும் 38 ஏடிபி என்றே அச்சிட்டிருக்கிறார்கள். அது ஒரு என்ஏடிஹெச்சுக்கு 3, ஒரு எஃப்ஏடிஹெச்2-வுக்கு 2 என்று முழு எண்ணாகப் போட்ட பழைய கணக்கு. 1961-இல் பீட்டர் மிட்செல் முன்வைத்த விளக்கத்தின்படி, எலக்ட்ரான் கடத்தலுக்கும் ஏடிபி உருவாவதற்கும் நடுவில் நிற்பது சவ்வின் இருபுறமுள்ள புரோட்டான் வேறுபாடு. அவருக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. புரோட்டான் கணக்கில் முழு எண் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்று ஏற்கப்படும் மதிப்பு என்ஏடிஹெச்சுக்கு 2.5, எஃப்ஏடிஹெச்2-வுக்கு 1.5, மொத்தம் 30 முதல் 32. சைட்டோபிளாசத்தில் உண்டான என்ஏடிஹெச்சின் எலக்ட்ரான்கள் எந்த வழியில் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகின்றன என்பதைப் பொறுத்து அந்த 2 ஏடிபி வித்தியாசம். தேர்வுக்குப் பாடத்திட்டம் எதைச் சொல்கிறதோ அதை எழுதட்டும். படத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு ஒட்டிவிட்டு மாட்டுவது நல்லது. மற்றபடி கிரெப்ஸ் சுழற்சி சரியாகவே வரையப்பட்டிருக்கிறது.

சுவாச ஈவு: பெட்டி சொல்லாத சோதனை

இதே சாமானால் விதை எந்த உணவைப் பயன்படுத்துகிறது என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். விட்ட கார்பன் டை ஆக்சைடை எடுத்த ஆக்சிஜனால் வகுத்தால் வரும் எண்தான் சுவாச ஈவு, அது உணவுக்கு உணவு மாறும். கையேட்டில் இது இல்லை என்பது ஆச்சரியம். ஒரே விதைகளை இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதலில் சோடா லைமோடு. அதில் கிடைப்பது எடுத்த ஆக்சிஜன். அடுத்து இரண்டு குழாயிலும் சோடா லைமை எடுத்துவிட்டு, அதே கன அளவுக்குக் கண்ணாடி மணி போட்டு ஓட்டுங்கள். இப்போது தெரிவது ஆக்சிஜனுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள வேறுபாடு மட்டும். ஆமணக்கு முளையில் முதல் அளவீட்டில் வாயு 0.40 மி.லி.யும், இரண்டாவதில் 0.12 மி.லி.யும் குறைந்தது என்று வந்தால், விட்ட கார்பன் டை ஆக்சைடு 0.28 மி.லி. ஈவு 0.28-ஐ 0.40-ஆல் வகுக்க 0.7. கொழுப்பைப் பயன்படுத்தும் விதைக்கு எதிர்பார்க்க வேண்டிய எண் இது. மாவுச்சத்துக்கு 1.0, புரதத்துக்கு 0.8 முதல் 0.9.

மாவுச்சத்து விதையில் இரண்டாவது அளவீட்டின்போது சாயம் அசையாமல் நிற்கும். கருவி கெட்டுவிட்டது என்று கழற்ற வேண்டாம், அந்த அசைவின்மையே விடை. ஊறி முடித்த கையோடு எடுத்த பட்டாணியில் ஈவு 1-ஐத் தாண்டிப் போவதும் உண்டு. விதையுறை கிழியும்வரை ஆக்சிஜன் உள்ளே போதுமான அளவு போகாது, உள்ளிருக்கும் செல்கள் கொஞ்சம் நொதித்தலில் ஓட்டிக்கொண்டிருக்கும், அதனால் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வரும். உறையை உரித்துவிட்டு மறுபடி அளந்தால் எண் இறங்குவதைப் பார்க்கலாம்.

ஈஸ்ட் குழாயும் மெத்திலீன் நீலமும்

நொதித்தல் குழாய் நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது, கோடுகள் அழியாத அச்சு. 10 சதவீத குளுக்கோஸ் கரைசல் 20 மி.லி.யில் 1 கிராம் உலர் ஈஸ்ட் கலந்து, மூடிய நீளக் கையில் ஒரு குமிழிகூட இல்லாமல் சாய்த்து நிரப்பி, 35 °செ. அருகில் வைத்தால் வாயு சேரத் தொடங்கும். அளவு படித்துக்கொண்ட பிறகு இடுக்கியால் ஒரு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லையைப் போட்டு, கையுறைக் கட்டைவிரலால் வாயை மூடிக் குலுக்கினால் வாயு மறைந்து கரைசல் மேலேறும். விரலை உள்ளே இழுக்கும் விசை நன்றாகவே தெரியும். சேர்ந்தது கார்பன் டை ஆக்சைடுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

தண்ணீர் 50 டிகிரிக்கு மேல் போனால் ஈஸ்ட் சாகத் தொடங்கும். வாயு வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதை. சர்க்கரையை மாற்றிப் பார்க்க விரும்பினால் சுக்ரோஸ் வேலை செய்யும், ஏனெனில் ஈஸ்ட் அதை இன்வர்டேஸ் நொதியால் உடைத்துக்கொள்கிறது. லாக்டோஸில் ஒன்றும் நடக்காது, ரொட்டி ஈஸ்டுக்கு அதை உடைக்கும் நொதி இல்லை. எல்லாச் சர்க்கரையிலும் வாயு வரும் என்று கையேடு சொல்வது தவறு. மேலே எண்ணெய்ப் படலம் விட்டு ஆக்சிஜனைத் தடுத்தால்தான் ஈஸ்ட் நொதிக்கும் என்பதும் அரை உண்மைதான். சர்க்கரை மிகுந்திருந்தால் இந்த ஈஸ்ட் ஆக்சிஜன் இருந்தாலும் நொதிக்கும். உயிருள்ள செல் இல்லாமலும் நொதித்தல் நடக்கும் என்பதை 1897-இல் எட்வர்டு புக்னர் உடைத்த ஈஸ்டின் சாற்றைக் கொண்டே காட்டினார். குளுக்கோஸுக்கு 2 ஏடிபி மட்டுமே தரும் இந்தப் பாதையை, மேலே கணக்கிட்ட 30-க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினால் மாணவர்களுக்கு வித்தியாசம் பிடிபடும்.

மெத்திலீன் நீலம் சிறிய சோதனை, ஆனால் பெட்டியிலேயே அழகானது. ஈஸ்ட் கலவையில் வெளிர் நீலம் வரும் அளவுக்குச் சில சொட்டு விட்டு, ஆட்டாமல் இளஞ்சூட்டில் வையுங்கள். சர்க்கரையிலிருந்து கழன்ற எலக்ட்ரான்களைச் சாயம் வாங்கிக்கொண்டு நிறமிழக்கும். காற்றைத் தொடும் மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய நீல வளையம் நிற்கும். குலுக்கினால் ஆக்சிஜன் கலந்து முழுக்க நீலம் திரும்பும், வைத்தால் மறுபடி வெளுக்கும். கொதிக்கவைத்த ஈஸ்டோடு ஒரு குழாய் பக்கத்தில் வைக்க மறக்க வேண்டாம், அது நீலமாகவே இருக்க வேண்டும். சாயத்தை அள்ளி ஊற்றினால் வெளுக்கவே வெளுக்காது.

உணர்கருவி வாங்குவது மேலா?

அகச்சிவப்பு முறையில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் மின்னணு உணர்கருவிகள் வேகத்தில் முந்தும். 250 மி.லி. பாட்டிலில் 1 மி.லி. கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் 4,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) கூடும். மேலே சொன்ன பட்டாணிக்கு ஒரு நிமிடத்திலேயே நூறு பிபிஎம்மை ஒட்டி ஏறுவது திரையில் கோடாகத் தெரியும். கசிவு, சாயம், சோடா லைம் எதுவும் இல்லை. ஆனால் ஈரமான விதைகள் பாட்டிலில் ஆவியைப் படியவைத்தால் அளவீடு தடுமாறும், தொடங்கும் முன் கருவி சூடேறவும் நேரம் கொடுக்க வேண்டும். மின்வேதி வகை ஆக்சிஜன் உணர்கருவிகளில் உள்ளிருக்கும் மின்கலம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தீர்ந்துகொண்டே வரும், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரே வகுப்பில் நிறைய வெப்பநிலைகளை அளந்து வரைபடம் போட வேண்டுமென்றால் உணர்கருவி. எதை அளக்கிறோம், எது அதைக் கெடுக்கிறது என்று கையால் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இந்தக் கண்ணாடிப் பெட்டி. சுவாச ஈவையும் இரண்டு வாயுவுக்கும் தனித்தனி உணர்கருவி இல்லாமல் இதிலேயே முடித்துவிடலாம். ஓட்டோ வார்பர்க் செல் சுவாச ஆய்வுகளுக்குப் பயன்படுத்திய மானோமீட்டரும் அடிப்படையில் இதே தத்துவம்தான்: நீர்த்தொட்டியில் மூழ்கிய மூடிய குடுவை, நடுவில் காரம், பக்கத்தில் அழுத்தத்தைக் காட்டும் குழாய். சுவாச நொதியைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1931-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வாங்கும்போது கூடுதலாக இரண்டு கார்க், ஒரு ஜோடி மூவழி வால்வு, ஒரு சிரிஞ்ச் சேர்த்துக் கேளுங்கள், முதலில் தேய்வது இவைதான். கார்க்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழாத அளவுக்கு இறுகியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். யு-குழாயின் இரண்டு கைகளும் ஒரே விட்டத்தில் உள்ளனவா, சிரிஞ்சின் கோடுகள் விரல் நகத்துக்கு உரிகின்றனவா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடலாம். வேலை முடிந்ததும் வால்வுகளைத் திறந்த நிலையில் விட்டு, சிரிஞ்சின் உள்தண்டைத் தனியாகக் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் ரப்பர் நுனி ஒட்டிக்கொள்ளும். சோடா லைமைக் குழாயிலேயே விட்டுவைத்தால் அடுத்த முறைக்குள் கல்லாகிக் கண்ணாடியில் பிடித்துவிடும். அன்றே கொட்டி, நிறைய நீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். டப்பாவில் மிஞ்சியதன் மூடியைச் சுற்றி ஒரு சுற்று டேப் ஒட்டி வையுங்கள்.